சிலிண்டருக்குள் நாலு ரசீது

“வீடு பத்திக்கிச்சுன்னா இதைத் தூக்கிப் பீச்சினா என்ன வரும்? நுரை வருமா, பொடி வருமா, இல்ல நாலு டெபாசிட் ரசீது வருமா?”

பரிசோதகரின் மனைவி இதை மூன்றாவது தடவையாகக் கேட்டாள். மூன்று தடவையும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றும் பழக்கம் அங்கே கிடையாது. குரலை உயர்த்தாமல், முகத்தைச் சுளிக்காமல், அதே கேள்வியை அப்படியே திரும்பக் கேட்பார்கள். குற்றவாளி தானாக உருகிவிடுவான்.

பரிசோதகர் உருகிக்கொண்டிருந்தார்.

சமையல் மேடையில் சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தது. பக்கத்தில் அவருடைய ஸ்பேனர். அதற்கும் பக்கத்தில், பென்சில் கனத்துக்குச் சுருட்டி நூல் கட்டிய நாலு வங்கி ரசீதுகள். தொட்டியில் பாதி எரிந்த கைப்பிடித் துணி ஒன்று நனைந்து கிடந்தது.

நடந்தது இவ்வளவுதான். துணி அடுப்பில் பட்டுப் பற்றிக்கொண்டது. அவள் பதறாமல் சுவரிலிருந்த தீயணைப்பு சிலிண்டரை எடுத்தாள், ஊசியை உருவினாள், பிடியை அழுத்தினாள். உஸ்ஸென்றுகூட ஒரு சத்தம் இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றித் தீயை அணைத்துவிட்டு, சிலிண்டரைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். உள்ளே காகிதம் சலசலத்தது.

பரிசோதகருக்குத் தொழிலே அந்தச் சிலிண்டர்கள்தான். இருபத்தெட்டு வருஷமாக ஆபீஸ் ஆபீஸாக, கிடங்கு கிடங்காக ஏறி இறங்கி, அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா, ஊசியின் முத்திரை அறுபடாமல் இருக்கிறதா, கழுத்தில் தொங்கும் சீட்டில் தேதி தாண்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பவர். தாண்டியிருந்தால் நாலு பக்கத்துக்கு அறிக்கை எழுதுவார். அப்பேர்ப்பட்டவர், தன் வீட்டுச் சிலிண்டரைக் காலி செய்து, முள்ளைப் பச்சையில் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார். இது வெளியே தெரிந்தால் வேலை போகாது, மானம் போகும்.

“அது வந்தும்மா,” என்று ஆரம்பித்தார், “ஒரு பாதுகாப்புக்காக...”

“யார்கிட்டயிருந்து பாதுகாப்பு?” அவள் ஸ்பேனரைக் கையில் எடுத்தாள்.

‘உன்கிட்டயிருந்து’ என்பதுதான் நேர்மையான பதில். நேர்மைக்கு ஒரு நேரம் இருக்கிறது; கையில் ஸ்பேனருடன் மனைவி நிற்கும் நேரம் அது அல்ல.

மூன்று மாதத்துக்கு முன் அவருடைய அப்பாவின் வீடு விலைபோனது. அண்ணன் தம்பிகள் பிரித்ததில் இவர் பங்காக ஒரு தொகை வந்தது. அது வந்த அன்றே மனைவி தன் மனதைச் சொல்லிவிட்டாள். கீழே, மூக்குக்கண்ணாடிக்கடைக்குப் பக்கத்து அறை காலியாகிறது. சாவி செய்பவர் இடம் மாறிப் போகிறார். அந்த அறையைப் பிடித்து, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு நகல் எடுக்கும் இயந்திரம் போட்டால், படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடை நடத்தலாம். இந்தக் கட்டடத்தில் இருபத்திரண்டு குடித்தனம். பள்ளிச் சேர்க்கை, பென்ஷன், மின்மீட்டர் பெயர் மாற்றம் என்று எந்தப் படிவம் வந்தாலும் அது நேராக அவள் சாப்பாட்டு மேசைக்குத்தான் வரும். பதினைந்து வருஷமாக நிரப்பிக் கொடுக்கிறாள். இலவசம். இந்தப் பக்கத்திலிருந்து காபி வேறு போகும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ‘தேங்க்ஸ்’ வரும். அதுவும் பாதிப் பேர் படியிறங்கும்போது சொல்வார்கள், காதில் விழாது.

அறையின் சொந்தக்காரரும் கண்ணாடிக்கடைக்காரர்தான். இந்த மாசக் கடைசிக்குள் முன்பணம் கொடுத்தால் அவளுக்கு, இல்லாவிட்டால் செல்போன் உறை விற்பவருக்கு என்று சொல்லிவிட்டார்.

பரிசோதகருக்குக் கடை என்றாலே ஆகாது. கடைகளை அவர் தீப்பிடிக்கக்கூடிய இடங்களாக மட்டுமே பார்த்துப் பழகியவர். அதனால் அவளிடம் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்.

“பணம் இன்ஷூரன்ஸ்ல இருக்கும்மா. மூணு வருஷம் தொடக் கூடாது. தொட்டா இன்ஷூரன்ஸ் செத்துடும்.”

“ஓ” என்றாள் மனைவி.

அந்த ‘ஓ’வைத் தன் வெற்றி என்று கணக்குப் போட்டுக்கொண்டு இரண்டு மாதமாக நிம்மதியாக இருந்தார்.

இப்போது ஸ்பேனர் மேடையில் டக்கென்று விழுந்தது. “சொல்லுங்க. எதுக்கு நாலு?”

இனி மறைத்துப் பயனில்லை. மறைக்க முடியாததைப் பெருமையாகச் சொல்வதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு. பரிசோதகர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“ஒரு வங்கி கவுந்துதுன்னு வச்சுக்க. போட்ட பணம் மொத்தமும் திரும்பாது. இன்ஷூரன்ஸ் ஒரு வரம்பு வரைக்கும்தான் தரும். நம்ம தொகை அந்த வரம்பைவிட ஜாஸ்தி. என்ன செய்யணும்? பிரிச்சுப் போடணும். நாலு கணக்குன்னா நாலு வரம்பு.”

“யாரு சொன்னது?”

“கண்ணாடிக்கடைக்காரர்.”

கண்ணாடிக்கடைக்காரர் இதைச் சொன்னபோது ஒருவருடைய மூக்கில் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தார். மூக்குக்கு மூக்கு அளவெடுத்துப் பழகிய மனிதர் கணக்குக்குக் கணக்கு வரம்பு என்று சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இவருக்குத் தோன்றிவிட்டது. அதோடு விட்டாரா பரிசோதகர்? ஒரு மாடிக்கு ஒரு சிலிண்டர் போதும் என்ற இடத்தில் இரண்டு மாட்டச் சொல்லும் ஆள். ஒரே கிளையில் நாலு கணக்கு வைத்தால் போதாதென்று, ஊரின் நாலு மூலைக்கும் பஸ் ஏறிப் போய், அதே வங்கியின் நாலு கிளையில் சமமாகப் பிரித்து, மூன்று மூன்று வருஷத்துக்குப் போட்டுவிட்டு வந்தார்.

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஒரு ரசீதைப் பிரித்து, முன்பக்கத்தைப் பார்க்காமலே பின்பக்கத்தைத் திருப்பினாள். அங்கே எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. மற்ற மனிதர்கள் பார்க்காத இடத்தைத்தான் அவள் முதலில் பார்ப்பாள். பள்ளியில் அவளுக்குப் பட்டப்பெயரே ‘அடிக்குறிப்பு’.

“‘ஒரு வைப்பாளருக்கு, ஒரு வங்கியில், எல்லாக் கிளைகளையும் சேர்த்து’ன்னு போட்டிருக்கு.”

“அது பொதுவாப் போட்டிருப்பாங்க.”

“பொதுவாப் போட்டா உங்களுக்குக் கிடையாதா? நீங்க என்ன தனியா?”

“கிளை வேற வேறம்மா. ஒவ்வொரு கிளைக்கும் மேனேஜர் வேற, பூட்டு வேற, சிலிண்டர் வேற. நானே பார்த்தேன்.”

“மரம்?”

“எந்த மரம்?”

“கிளைன்னு ஒண்ணு இருந்தா மரம்னு ஒண்ணு இருக்கணும்ல? நாலு கிளையில நாலு ஊஞ்சல் கட்டியிருக்கீங்க. மரம் சாஞ்சா ஊஞ்சல் மட்டும் அந்தரத்துல ஆடுமா?”

பரிசோதகர் ரசீதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நீ பொடி எழுத்தைத் தப்பாப் படிக்கிறே” என்றார்.

“நம்ப வேண்டாம். நாளைக்குப் பெரிய தெரு கிளைக்குப் போங்க. மூணாவது கௌன்ட்டர். கண்ணாடியைச் சங்கிலியில கோத்துப் போட்ட அம்மா ஒருத்தங்க இருப்பாங்க. அவங்ககிட்ட மட்டும் கேளுங்க. மத்தவங்க வரிசை நகரணும்னு எதுக்கும் ஆமான்னுடுவாங்க.”

மறுநாள் போனார். உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல் முதலில் சிலிண்டரைத்தான் பார்த்தார். சீட்டில் தேதி புத்தம் புதிது. முள் பச்சையில். அவர் இந்த வங்கியைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணமே கிடையாது. வட்டி எவ்வளவு என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது. எதிர்வரிசை வங்கியில் வட்டி கூடுதலாம். ஆனால் அங்கே சிலிண்டர் காலாவதியாகி மூன்று வருஷம், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே பணம் போடுபவனை மனிதன் என்றே அவர் நினைப்பதில்லை.

மூன்றாவது கௌன்ட்டர் அம்மா ரசீதுகளை வரிசையாகப் பரப்பிப் பார்த்தாள். சங்கிலி மெல்ல ஆடியது.

“கணக்குக்கு இல்லீங்க. ஆளுக்கு.”

“நாலு கிளைம்மா.”

“நாலு கிளைக்கும் போனது நீங்க ஒரே ஆள்தானே?”

“ஆமா. பஸ்ல போனேன்.”

“அப்ப நாலும் ஒண்ணாச் சேர்த்துத்தான் பார்ப்பாங்க. முதல், வட்டி எல்லாம் கூட்டி ஒரே வரம்பு. உங்க கணக்குப்படி ரெண்டு ரசீது வரம்புக்குள்ள வருது. மத்த ரெண்டு வெளியில நிக்குது.”

பரிசோதகர் குனிந்து ரசீதுகளைப் பார்த்தார். பெற்ற பிள்ளைகளில் இரண்டு பேரை வாசலில் நிறுத்திவிட்டதுபோல் இருந்தது.

“எந்த ரெண்டும்மா வெளியில நிக்குது?”

“உங்களுக்குப் பிடிச்ச ரெண்டை உள்ள வச்சுக்கலாம்” என்றாள் அவள், சிரிக்காமல். “ஆனா ஏன் பதறுறீங்க? நம்ம வங்கி நல்லாத்தான் நடக்குது. கவுறப்போகுதுன்னு யாரும் சொல்லலையே.”

“தீப்பிடிக்கப்போகுதுன்னு நானும் யார்கிட்டயும் சொன்னதில்லை. சிலிண்டர் மாட்டுங்கன்னுதான் சொல்றேன்.”

அந்த அம்மாவுக்கு இந்தப் பதில் பிடித்துப்போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “அப்படின்னா ரெண்டு வழி. ஒண்ணு, வேற வங்கியில போடுங்க. எதிர்லயே இருக்கு.”

பரிசோதகருக்குக் கதவுக்கு முட்டுக் கொடுத்த சிலிண்டர் கண்ணில் தெரிந்தது. “ரெண்டாவது?”

“வேற ஆள். வீட்டுல வேற யாரும் இல்லையா?”

“இருக்காங்க” என்றார், சர்க்கரை வியாதி இருப்பதை டாக்டரிடம் ஒப்புக்கொள்ளும் குரலில்.

“அவங்களுக்குத் தனி வரம்பு. ஆனா பேரை மட்டும் மாத்திட்டுப் பணம் என்னோடதுன்னு உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டா நாளைக்குச் சிக்கல். நிஜமாவே அவங்களோடதாக் கொடுத்துடணும்.”

வீட்டுக்கு வந்தார். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சுற்றி வளைத்து, பாதுகாப்பு விதிகளின் வரலாற்றிலிருந்து தொடங்கி, மெல்ல ரசீதுக்கு வந்து சேர்ந்தார். ரெண்டு ரசீது உன் பேருக்கு.

“எனக்கெதுக்குங்க அவ்வளவு பணம்?” என்றாள் அவள், பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் தொட்டா இன்ஷூரன்ஸ் செத்துடுமே.”

“அது வேற இன்ஷூரன்ஸ்.”

“எத்தனை இன்ஷூரன்ஸ்ங்க வச்சிருக்கீங்க? அதுக்கும் கிளை இருக்கா?”

இரண்டு நாள் அவள் மசியவில்லை. அந்த இரண்டு நாளும் பரிசோதகருக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே நிற்கும் இரண்டு ரசீதும் கண்ணுக்குள்ளேயே நின்றன. மூன்றாம் நாள் காலை கண்ணாடிக்கடைக்காரர், ஒரு லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி, “பெரிய தெரு ஏ.டி.எம். நேத்து மத்தியானம் ஓடலையாமே” என்று ஒரு வார்த்தை போட்டார். மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பரிசோதகர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்து மூச்சிரைக்க நின்றார்.

“உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன். வாங்கிக்கம்மா.”

“சரி, நீங்க இவ்வளவு சொல்றதால” என்றாள் மனைவி. கத்தியைக் கீழே வைத்தாள். ஒரு வெள்ளைத்தாள் எடுத்து அவர் முன்னால் போட்டாள். “எழுதுங்க. நான் சொல்றேன்.”

அவள் சொல்லச் சொல்ல எழுதினார். கீழ்க்கண்ட இரண்டு ரசீதின் தொகை இன்றிலிருந்து என் மனைவிக்கே முழுச் சொந்தம். திருப்பிக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

பேனா ‘முழு’வில் நின்றது. “முழுன்னு போடணுமா? சொந்தம்னு போட்டாப் போதாதா?”

“பாதி காலியான சிலிண்டருக்கு நீங்க சீட்டுக் கட்டுவீங்களா?”

கட்டமாட்டார். எழுதினார். கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், கைப்பழக்கத்தில் அதற்குக் கீழே ‘அடுத்த பரிசோதனை: ஆறு மாதம் கழித்து’ என்றும் எழுதிவிட்டார். மனைவி அந்த ஒரு வரியை மட்டும் அளவுகோல் வைத்து அடித்துவிட்டு, தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் இருவரும் பெரிய தெருக் கிளைக்குப் போனார்கள். இரண்டு டெபாசிட்டைப் பாதியில் உடைத்ததில் கொஞ்சம் வட்டி குறைந்தது. சிலிண்டரை மறுபடி நிரப்பினால் செலவு வராதா என்று மனதைத் தேற்றிக்கொண்டார். தொகை அவள் கணக்குக்குப் போனது. மூன்றாவது கௌன்ட்டர் அம்மா அவளிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் எவ்வளவு கண்ணியமாக நடந்துகொள்கிறாள் என்று பரிசோதகர் வியந்தார்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். “பணத்தைப் போட்டுட்டியா? சும்மா கணக்குல விடாம, நல்லபடியாப் போட்டியா?”

“போட்டாச்சு.”

“மூணு வருஷத்துக்கா?”

“ஆமா. மூணு வருஷத்துக்குத்தான் எழுதியிருக்கு.”

அப்பாடா என்றிருந்தது. அன்றைக்கே அடுப்படிச் சிலிண்டரில் புதுப்பொடி அடைத்து, பசையைச் சுரண்டி முள்ளை விடுவித்து, புதுச் சீட்டுக் கட்டி மாட்டினார். தன்னுடைய இரண்டு ரசீதைப் பீரோவில் துணிக்கு நடுவே வைத்தார். ஒரு வாரம் பச்சையில் நின்ற முள்ளைப்போல் ஆடாமல் அசையாமல் வாழ்ந்தார்.

எட்டாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது சாவிக்கடை அறையில் விளக்கு எரிந்தது. வாசலில் ஒரு வரிசை. இரண்டாம் மாடி ஆசிரியர், முதல் மாடிச் சலவைக்காரர், கையில் கோப்போடு பக்கத்துக் கட்டட ஆட்கள். செல்போன் உறைக்கு இவ்வளவு கூட்டமா என்று எட்டிப் பார்த்தார்.

உள்ளே மேசைக்குப் பின்னால் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நகல் இயந்திரம் நாக்கை நீட்டி நீட்டித் தாள் துப்பிக்கொண்டிருந்தது. சுவரில் விலைப்பட்டியல். அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பரிசோதகர் பொடி எழுத்தைப் படித்தார். ‘உறவினர்களுக்குச் சலுகை இல்லை.’

“இது என்னம்மா?”

“கடை.”

“பணத்தைப் போட்டாச்சுன்னு சொன்னியே.”

“போட்டாச்சே. கடை போட்டிருக்கேன்.”

“மூணு வருஷத்துக்கு எழுதியிருக்குன்னு...”

“வாடகை ஒப்பந்தம். மூணு வருஷம். கீழ கண்ணாடிக்கடைக்காரர் கையெழுத்து இருக்கு, பார்க்கறீங்களா?”

கண்ணாடிக்கடைக்காரர் அடுத்த வாசலிலிருந்து தலையை ஆட்டினார். முன்பணம் வாங்கிய முகம் அது. எல்லாருக்கும் நல்லது நினைக்கும் முகம்.

பரிசோதகர் குரலைத் தாழ்த்தினார். “நான் பாதுகாப்புக்காகக் கொடுத்தேன்.”

“பாதுகாப்புக்கு என்ன குறைச்சல்? உங்க ரெண்டு ரசீதும் வரம்புக்குள்ள இருக்கு. என்னோடது வங்கியிலயே இல்லை. மரம் சாஞ்சாலும் என் தலையில விழாது. இதைவிடப் பெரிய பாதுகாப்பு உங்க ஆபீஸ்ல எழுதிக் கொடுப்பாங்களா?”

குறை தேடிச் சுவரைப் பார்த்தார். சுவரில், கதவுக்கு இடப்பக்கம், விதிப்படி தரையிலிருந்து சரியான உயரத்தில், அவரே நிரப்பிச் சீட்டுக் கட்டிய அடுப்படிச் சிலிண்டர் தொங்கியது. முள் பச்சையில். ஒரு குறை சொல்ல இடமில்லை.

அப்போது அவரைத் தள்ளாத குறையாக ஒரு பெண்மணி உள்ளே வந்தாள். கழுத்தில் கண்ணாடி சங்கிலியில் ஆடியது.

“ஏய் அடிக்குறிப்பு, கடையைத் தொறந்துட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லமாட்டியாடி?”

“நீ வங்கியை மூடிட்டு வருவேன்னுதான் காத்திருந்தேன். உக்காரு” என்றாள் மனைவி.

பரிசோதகருக்கு ஊர் முழுக்க எச்சரிக்கை மணி ஒரே நேரத்தில் அடித்ததுபோல் இருந்தது. மூன்றாவது கௌன்ட்டர். அவங்ககிட்ட மட்டும் கேளுங்க. வீட்டுல வேற யாரும் இல்லையா.

“நீங்க ரெண்டு பேரும்...” என்று இழுத்தார்.

“பத்து வருஷம் ஒரே பெஞ்சு” என்றாள் வங்கிக்காரி. “ஆனா உங்ககிட்ட ஒரு வார்த்தை பொய் சொல்லலைங்க. வேணும்னா ரசீதுக்குப் பின்னாடி படிச்சுப் பாருங்க.” பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவளாகத் தொடர்ந்தாள். “நல்லவேளை பார்த்தேன். உங்க பேர்ல இருக்கிற ரெண்டு ரசீதுலயும் நாமினி பேர் காலியா இருக்கு. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வாங்கிக்கிற ஆள் பேர். நாளைக்குள்ள படிவம் கொடுத்துடுங்க. யாரைப் போடப்போறீங்க? வீட்டுல வேற யாரும் இல்லையா?”

பைக்குள்ளிருந்து வங்கிக்காரி எடுத்து நீட்டிய படிவம் இரண்டு பக்கம் இருந்தது. கட்டம் கட்டமாக, முன்னும் பின்னும், அடியில் பொடி எழுத்தாக. அவருக்கு அறிக்கை எழுதத் தெரியும். படிவம் நிரப்பத் தெரியாது. பதினைந்து வருஷமாக அதற்குத்தான் வீட்டில் ஆள் இருந்தது.

வாசலுக்கு வந்தார். சலவைக்காரர் நகர்ந்து, தனக்குப் பின்னால் இடம் காட்டினார். ஏழாவது ஆள்.

“ஏம்மா,” என்று ஆறு தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னார், “என்னோடதை மட்டும் கொஞ்சம் முன்னாடி பார்த்துக் குடேன்.”